உடம்பு மாத்திரைக்குப் பழகுவதில்லை

முப்பத்தைந்து வயதுப் பெண். பல் கிட்டும் அளவுக்குக் குளிர்ஜுரம், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிட்டது. ரத்தத்தையும் சிறுநீரையும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பிவிட்டு செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசியை ஆரம்பித்தோம். இரண்டு நாளாகியும் ஜுரம் இறங்கவில்லை. ரிப்போர்ட் வந்தது: ஈகோலை என்ற பாக்டீரியா. வாய்வழி மருந்துகள் அநேகமாக எல்லாவற்றுக்கும் நேரே 'ஆர்', அதாவது ரெசிஸ்டன்ட், அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது. நாங்கள் போட்டுக்கொண்டிருந்த ஊசிக்கும் 'ஆர்'.

கணவர் கேட்டார்: "இவளுக்கு இதுக்கு முன்னாடி யூரின் இன்ஃபெக்ஷனே வந்ததில்லையே டாக்டர். முதல் தடவையே மருந்து கேக்கலைன்னா எப்படி? உடம்பு மாத்திரைக்குப் பழகிடுச்சா?"

இந்த மாதத்தில் இதே கேள்வி என்னிடம் வருவது நான்காவது முறை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உடம்பு பழகவில்லை. தூக்க மாத்திரை போன்ற சில மருந்துகளுக்கு உடம்பு பழகும், உண்மைதான். ஆன்டிபயாடிக் அந்த ரகம் இல்லை. அது தாக்குவது பாக்டீரியாவை. பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் செய்கின்றன. நம் செல்களுக்குச் செல்சுவரே கிடையாது. பிறகு நம்மிடம் எது பழகும்? மருந்தை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டது கிருமி. அந்தக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாடிக்கூடத் தொடாத பச்சைக் குழந்தைக்கும் மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றலாம். "நான் அதிகம் மாத்திரை போடாத ஆள், எனக்குக் கேட்கும்" என்பதும், "கொஞ்ச நாள் விட்டுப் போட்டால் மறுபடி கேட்கும்" என்பதும் இந்த ஒரே தப்பு எண்ணத்தின் கிளைகள்தான். தயவுசெய்து இதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

லேபில் ஒரு கல்ச்சர் தட்டைப் பார்த்தால் நான் இவ்வளவு பேசவே வேண்டியதில்லை. தட்டு முழுக்கப் பாக்டீரியா மெல்லிய பாலாடைபோல் படர்ந்திருக்கும். அதன்மேல் 6 மில்லிமீட்டர் அகலக் காகித வட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்து வேலை செய்தால் வட்டைச் சுற்றி எதுவும் முளைக்காமல் கண்ணாடிபோல் ஒரு வளையம் தெளிவாகத் தெரியும். இந்தப் பெண்ணின் தட்டில் பெரும்பாலான வட்டுகளின் விளிம்பை ஒட்டியே பாக்டீரியா வளர்ந்திருந்தது. அந்தத் தட்டில் அவருடைய உடம்பு இல்லை. கிருமியும் மருந்தும் மட்டும்தான்.

சரி, முதல் தடவையே எப்படி? அந்தப் பெண்ணிடம் பொறுமையாகக் கேட்டபோது கதை வெளியே வந்தது. இரண்டு வருடமாகச் சளி பிடித்தால் அசித்ரோமைசின், தொண்டை கரகரத்தால் வீட்டில் யாருக்கோ வாங்கிய அமாக்சிசிலின் கிளாவுலனேட்டில் மீதி, வயிறு போனால் ஓஃப்ளாக்சசின். எல்லாமே ஆன்டிபயாடிக், எல்லாமே இரண்டு நாள், மூன்று நாள். எதற்கும் டாக்டரைப் பார்க்கவில்லை.

தொண்டைக்கு என்று நினைத்துத்தான் விழுங்கினார். ஆனால் மாத்திரை தொண்டையோடு நின்றுவிடாதே! குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் மருந்துக்கு அடங்குபவை செத்தன, அடங்காதவை அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டன. போதாததற்கு, எதிர்க்கும் திறனுக்கான மரபணுவைப் பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும், இனம் விட்டு இனம்கூட. சிறுநீர்ப் பாதையைப் பிடிக்கிற ஈகோலை பெரும்பாலும் அவரவர் குடலிலிருந்துதான் வருகிறது. பெண்களுக்கு அந்தப் பாதை குட்டை, ஏறுவது சுலபம். சளிக்குப் போட்ட மாத்திரை குடலில் வளர்த்துவிட்ட கிருமிதான் சிறுநீரகத்துக்கு வந்திருக்க வேண்டும்.

அந்தச் சளிக்காவது மாத்திரை உதவியதா என்றால், அதுவும் இல்லை. ஜலதோஷம், ஃப்ளூ, டெங்கு எல்லாம் வைரஸ். ஆன்டிபயாடிக் பிடித்துக்கொள்ள வைரஸில் செல்சுவரும் இல்லை, ஒன்றும் இல்லை. "போட்டேன், மறுநாளே ஜுரம் விட்டதே" என்பார்கள். சாதாரண வைரஸ் ஜுரம் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் தானே இறங்கும். நீங்கள் மூன்றாம் நாள் மாத்திரை போட்டீர்கள், நான்காம் நாள் அது இறங்கியது. அவ்வளவுதான். சளி பச்சையாக வந்தால் பாக்டீரியா என்பதும் தப்பு. அந்த நிறம் நம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு என்சைமின் நிறம்.

வைரஸுக்கு வேறு மருந்துகள் உண்டு, அவையும் ஆளுக்கொரு வைரஸுக்கு. பூஞ்சைக்கு வேறு, மலேரியாவுக்கு வேறு. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த கிரீம் தடவிக்கொண்டு வருபவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.

பெனிசிலினை 1928இல் கண்டறிந்த ஃபிளெமிங், 1945இல் நோபல் உரையிலேயே குறைந்த அளவு மருந்தைக் கொடுத்துக் கிருமியைப் பழக்கிவிடாதீர்கள் என்று எச்சரித்துவிட்டார். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக நேர்ந்த இறப்புகள் 2019இல் மட்டும் உலக அளவில் சுமார் 12.7 லட்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

எனவே: டாக்டர் எழுதாமல் ஆன்டிபயாடிக் வேண்டாம். எழுதாத டாக்டரை வற்புறுத்தவும் வேண்டாம், அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார். கல்ச்சருக்குச் சொன்னால், முடியுமானால் முதல் டோஸுக்கு முன்பே கொடுங்கள். ஒரு மாத்திரை உள்ளே போனாலும் கிருமி வளராமல் போகலாம், அப்புறம் நாங்கள் இருட்டில் தடவ வேண்டியிருக்கும். ஐந்து நாள் என்றால் ஐந்து நாள், நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், ஏழாக நீட்டவும் வேண்டாம். காசநோய்க்கு ஆறு மாதம் என்றால் முழுசாக ஆறு மாதம். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைப் பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள், ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கியதும் உடனே படுக்காதீர்கள். மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவது என்று ஏதாவது இருந்தால் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆன்டிபயாடிக் தேவைப்படும் இடத்தில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அந்தப் பெண்ணுக்குக் கார்பபெனெம் வகை ஊசிக்கு மாற்றினோம். வேறு எதுவும் கேட்காதவர்களுக்கென்று நாங்கள் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற மருந்து அது. மூன்றாம் நாள் ஜுரம் விட்டது. டிஸ்சார்ஜ் அன்று கணவர் ஒரு பை நிறைய மாத்திரை கொண்டுவந்து மேசையில் கொட்டினார். ஒன்பது அட்டைகள். ஒவ்வொன்றிலும் இரண்டோ மூன்றோதான் குறைந்திருந்தது. ஒன்றில் குழந்தையின் பெயரை மார்க்கரால் எழுதி வைத்திருந்தார்கள், அடுத்த தடவைக்கு என்று.