தைராய்டு மாத்திரைக்கு ஏன் வெறும் வயிறு?

காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலில் 500 மில்லிகிராம் மருந்து. தைராய்டு மாத்திரையில் 100 மைக்ரோகிராம் என்றால், அதில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. கையில் தெரியும் வெள்ளை மாத்திரையில் ஏறக்குறைய எல்லாமே நிரப்புப் பொருள்தான். இந்தத் துளி மருந்து கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

மாத்திரை இரைப்பையில் உடைந்து, அங்குள்ள அமிலத்தில் கரைகிறது. ரத்தத்துக்குள் போவது அங்கே அல்ல. பெரும்பாலும் சிறுகுடலின் நடு, கடைப் பகுதிகளில். நல்ல நிலையிலேயே விழுங்கியதில் 40 முதல் 80 சதவீதம்தான் உள்ளே போகும். வெறும் வயிறென்றால் மேல் எல்லையை ஒட்டி. இட்லியோடு போனால் சரிவு.

பெரிய எதிரி கால்சியம் மாத்திரை. வயதான பெண்கள் பலருக்கு இரண்டுமே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். 'எல்லாத்தையும் ஒரே வாயில் போட்டுடலாம்' என்று விழுங்கினால், தைராய்டு மாத்திரையில் உள்ள மருந்தான தைராக்சின் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது குடல் சுவரைத் தாண்டாது, மலத்தோடு போய்விடும். இரும்புச்சத்து மாத்திரையும் இதையேதான் செய்கிறது. இந்த இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே 4 மணி நேர இடைவெளி வேண்டும். அசிடிட்டிக்கான பான்டோபிரசோல் வேறு வழியில் கெடுக்கிறது: அமிலம் குறைந்தால் மாத்திரை சரியாகக் கரையாது. இதை இடைவெளி விட்டுச் சமாளிக்க முடியாது, மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

காபிதான் நம் வீடுகளில் தகராறு. பால் கலக்காத வெறும் டிகாஷன்கூட உறிஞ்சலைக் குறைக்கும். எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. முடியாதவர்கள், இரவு உணவுக்கு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

ரத்தத்தில் இருக்கும் தைராக்சின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாள் ஆகும். அதனால் ஒருநாள் காபி முந்திக்கொண்டால் ஒன்றும் ஆகாது. தினமும் முந்தினால்தான் வினை. அளவை மாற்றினாலும் டிஎஸ்ஹெச் (தைராக்சின் குறைந்தால் ஏறும் ஹார்மோன், ரத்தப் பரிசோதனையில் பார்ப்பது) நிலைபெற 6 முதல் 8 வாரம் பிடிக்கும்.

சிக்கல் இங்கேதான். கால்சியத்தோடு சேர்த்து விழுங்குவதைச் சொல்லாமல் விட்டால், டிஎஸ்ஹெச் ஏறியிருப்பதைப் பார்த்து மருத்துவர் 100-ஐ 125 ஆக்குவார். பிறகொருநாள் கால்சியம் நின்றுபோகும். அடுத்த சில வாரங்களில் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை: மாத்திரை மாறவில்லை, உள்ளே போகும் அளவு மாறிவிட்டது.