அடுக்கு, படி, சுட்டி: எண்ணின் தலைமேல் நிற்பதற்கு எது பெயர்?

2^(ந+3) + 2^ந = 72. ந எவ்வளவு? (^ குறிக்குப் பின் வருவதை எண்ணின் தலைமேல் சிறிதாக எழுதியதாகக் கொள்ளுங்கள்.)

இந்தக் கணக்கைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் பெயர்ச் சிக்கல் வந்துவிடும். தலைமேல் நிற்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அடுக்கு என்றும் படி என்றும் சொல்கின்றன. கீழே நிற்பது அடிமானம். இலங்கையில் மேலே இருப்பது சுட்டி, கீழே இருப்பது அடி, இரண்டும் சேர்ந்த முழு உருவம் வலு.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் எக்ஸ்போனென்ட் என்ற சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. 'வெளியே எடுத்து வைப்பது' என்பது அதன் பொருள். ஜெர்மானியக் கணித அறிஞர் மைக்கேல் ஸ்டீஃபெல் 1544-இல் வெளியான தம் நூலில் அதைக் கணிதச் சொல்லாக ஆண்டார். எண்ணைத் தலைமேல் சிறிதாக எழுதும் இன்றைய முறையைப் பரப்பியது 1637-இல் வந்த, பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட்டின் வடிவியல் நூல். அவரும் இரண்டாம் அடுக்கைப் பல இடங்களில் எழுத்தை இருமுறை எழுதியே காட்டினார். இன்னொரு சொல்லான இன்டெக்ஸ், இலத்தீனில் சுட்டுவிரலையும் குறிக்கும். ஆக, சுட்டி என்பது மிகத் துல்லியமான பெயர்ப்பு. ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சுட்டி என்றால் குறும்புக்காரக் குழந்தையோ கணினிச் சுட்டியோதான் முதலில் நினைவுக்கு வரும்.

படி என்ற சொல்லை நான் இங்கே தவிர்ப்பேன். இருபடிச் சமன்பாடு, முப்படிச் சமன்பாடு என்று அது வேறொரு வேலையில் ஏற்கெனவே அமர்ந்திருக்கிறது. அங்கே அறியாத எண் கீழே இருக்கும், மேலே இருப்பது தெரிந்த எண். நம் கணக்கில் அறியாததே மேலே ஏறி நிற்கிறது. இதைப் போய் எத்தனை படி என்று கேட்க முடியாது.

என் தேர்வு அடுக்கு. காரணம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'பாம்பு பாம்பு' என்பது அடுக்குத்தொடர்: ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. 2^3 என்பதும் 2 × 2 × 2 என்று ஒரே எண் பெருக்கலில் அடுக்கி வருவதுதான். இரட்டைக்கிளவியான 'சலசல'வைப் பிரித்தால் 'சல' தனியே பொருள் தராது; அடுக்குத்தொடரைப் பிரித்தால் ஒவ்வொரு சொல்லும் பொருள் தரும். எண்ணடுக்கும் அப்படியே பிரியும்: 2^(ந+3) என்பது 2^ந × 2^3.

இப்படிப் பிரித்ததும் கணக்கு முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. 2^ந × 8 + 2^ந × 1 = 72. கூட்டல் குறியின் இரு பக்கமும் இருக்கும் 2^ந-ஐ வெளியே எடுத்தால் 2^ந × 9 = 72; 2^ந = 8; ந = 3.

வெளியே எடுத்ததைப் 'பொது உறுப்பு' என்று சொல்லிவிடுகிறோம். அது பிழை. கூட்டல், கழித்தல் குறிகளால் பிரிந்து நிற்பவை உறுப்புகள்; பெருக்கலால் சேர்ந்து நிற்பவை காரணிகள். 2^(ந+3) ஓர் உறுப்பு, அதற்குள் இருக்கும் 2^ந ஒரு காரணி. எனவே இந்தச் செயலின் சரியான பெயர் பொதுக் காரணியை வெளியே எடுத்தல், அல்லது காரணிப்படுத்துதல். உறுப்புக்கும் காரணிக்கும் இடையிலான வேறுபாடு குழம்பும்போதுதான் கூட்டலில் அடுக்குகளைக் கூட்டி 2^(2ந+3) என்று எழுதத் தோன்றும். அடுக்குகள் கூடுவது பெருக்கலில் மட்டும்.

எதை வெளியே எடுப்பது? மிகச் சிறிய அடுக்கை எடுத்தால் பின்னம் வராது. 5^(ந+1) + 5^(ந−1) = 650 என்பதில் 5^(ந−1)-ஐ எடுங்கள். உள்ளே 25 + 1 மிஞ்சும். 650-ஐ 26-ஆல் வகுத்தால் 25, அதாவது 5^2. ந − 1 = 2, ஆகவே ந = 3. 5^ந-ஐ எடுத்தாலும் விடை அதுவே. 5 + 1/5 என்ற பின்னத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இந்த எடுத்துக்காட்டுகளில் விடை முழு எண்ணாக வருவது கணக்கு அமைத்தவரின் கருணை. முதல் கணக்கில் 72-க்குப் பதில் 90 என்று வைத்தால் 2^ந = 10. 2^3 என்பது 8, 2^4 என்பது 16. விடை இடையில் எங்கோ இருக்கிறது. அங்கே காரணியின் வேலை முடிந்து மடக்கையின் வேலை தொடங்குகிறது. ஓர் எண்ணைப் பெற அடிமானத்தின் தலைமேல் எந்த அடுக்கு நிற்க வேண்டும் என்று சொல்வதே மடக்கை. அடிமானம் 10 என்றால் 10-இன் மடக்கை 1, 2-இன் மடக்கை சுமார் 0.3010. 1-ஐ 0.3010-ஆல் வகுத்தால் ந சுமார் 3.32. மடக்கை என்ற சொல்லில் மட்டும் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சண்டை இல்லை.