பனிப்பாறையா, பனிப்பாளமா? நான்சனின் கப்பலை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

"நான்சனின் ஃப்ராம் கப்பல் பனிப்பாறையில் சிக்கி மூன்று ஆண்டுகள் தவித்தது." துருவப் பயணங்களைப் பற்றி, அதிலும் நார்வேயின் ஆய்வாளர் நான்சன் 1893இல் வடதுருவக் கடலுக்குப் போனதைப் பற்றி, தமிழில் எதைத் திறந்தாலும் இந்த வாக்கியம், ஓரிரு சொல் முன்னும் பின்னுமாக, வந்து நிற்கிறது. அண்மையில் ஓர் ஆவணப்படத்தின் தமிழ்க் குரலிலும் கேட்டேன். ஒரே வாக்கியத்தில் மூன்று பிழைகள். கப்பல் சிக்கவில்லை, வேண்டுமென்றே உறையவைக்கப்பட்டது. தவிக்கவில்லை, காற்றாலையில் மின்விளக்கு எரியவிட்டுக்கொண்டு வேலை பார்த்தது. இவ்விரண்டையும் மொழிபெயர்ப்பாளரின் நாடக ஆசை என்று மன்னித்துவிடலாம். 'பனிப்பாறை'யை மன்னிக்க முடியாது. அந்தச் சொல் உள்ளே வந்ததும், அந்தப் பயணம் உலகுக்குக் கொடுத்த அறிவியல் வெளியே போய்விடுகிறது.

முதலில் சொற்பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். தமிழில் பனி என்பது குளிர், ஈரம், நடுக்கம். தொல்காப்பியத்தின் 'பனியெதிர் பருவம்' குளிர்காலம். திருமுருகாற்றுப்படையில் வேல் புகுந்த 'பார்முதிர் பனிக்கடல்' குளிர்ந்த கடல் அல்லது நடுங்கவைக்கும் கடல்; உறைந்த கடல் என்று எவரும் உரை எழுதமாட்டார். அப்பர் பாடிய 'பனித்த சடை' நனைந்த சடை. இன்றும் கண்கள் பனிக்கின்றன. கல்லாய் இறுகிய நீர் நம் சமவெளி அறியாத பொருள். அது தெரியவந்தபோது 'கட்டி'யைச் சேர்த்துப் பனிக்கட்டி என்றோம், கடைத்தெருவில் ஐஸ் என்றோம். இரண்டும் நல்ல சொற்கள். மீன்பிடித் துறைமுகத்தில் படகில் ஏற்றுவது ஐஸ் கட்டி என்றால் யாருக்கும் குழப்பமில்லை.

பனிப்பாறை பிற்காலத்துச் சொல். ஆங்கிலத்தின் ஐஸ்பெர்க், டச்சு மொழியிலிருந்து போனது. அங்கே அதன் பொருள் 'பனிக்கட்டி மலை'. பனிமலை என்று பெயர்த்தால் இமயமலையோடு குழம்பும் என்பதால் யாரோ மலையைப் பாறையாகக் குறைத்திருக்க வேண்டும். 1912இல் டைட்டானிக் மோதியது பனிப்பாறையில் என்றால் எனக்கு வழக்கில்லை. நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் விழுந்து இறுகிய வெண்பனி, பனியாறாக நகர்ந்து, கடலோரத்தில் முறிந்து விழுந்து மிதக்கும் பெருந்துண்டு அது. நன்னீரால் ஆனது. பெரும்பகுதி நீருக்கடியில் இருக்கும். கடினம், ஆபத்து, மோதல் என்ற மூன்றையும் 'பாறை' சொல்லிவிடுகிறது.

ஃப்ராமைச் சூழ்ந்திருந்தது இது அன்று. கடல்நீரே குளிரில் உறைந்து, ஓரிரு மீட்டர் முதல் மூன்று நான்கு மீட்டர் வரை தடித்து, காற்றுக்கு வெடித்து, மறுபடி ஒட்டி, ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கும் மேல்தோல் அது. கடல்நீர் உறைய ஏறத்தாழ -1.8 டிகிரி செல்சியஸ் வேண்டும். உறையும்போது உப்பைப் பிழிந்து கீழே தள்ளும். பிறப்பு வேறு, வடிவம் வேறு, நடத்தை வேறு. நார்வேக்காரர்கள் டைட்டானிக் மோதியதை 'இஸ்ஃபியெல்' என்பார்கள், ஃப்ராமைச் சூழ்ந்ததை 'ஹாவிஸ்' என்பார்கள், பனியாற்றை 'ப்ரே' என்பார்கள். நாம் மூன்றையும் பனிப்பாறை என்கிறோம்.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்கள் நான்சன் செய்த சோதனையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். ஜீனெட் என்ற அமெரிக்கக் கப்பல் 1879இல் உறைந்த கடலுக்குள் மாட்டி, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இழுபட்டு, 1881 ஜூனில் சைபீரியாவுக்கு வடக்கே நசுங்கி மூழ்கியது. 'பனிப்பாறையில் மோதி மூழ்கியது' என்று தமிழில் எழுதினால் ஒரு குட்டி டைட்டானிக்தான் மனத்தில் தெரியும். ஜீனெட் எதிலும் மோதவில்லை. இரு பக்கத்திலிருந்தும் பாளங்கள் நெருக்கி அதை இறுக்கிக் கொன்றன. 1884இல் அதன் சிதைவுகள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. அப்படியானால் வடதுருவக் கடலைக் குறுக்காகக் கடந்து ஏதோ ஓர் ஓட்டம் இருக்க வேண்டும் என்றார் வானிலை அறிஞர் ஹென்ரிக் மோன். அதைப் பிடித்துக்கொண்ட நான்சன், அந்த ஓட்டத்திலேயே ஒரு கப்பலைப் பூட்டிவிடுவோம் என்றார். காலின் ஆர்ச்சர் கட்டிய ஃப்ராம் 39 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலம். பக்கங்கள் உருண்டு வழுவழுப்பாக இருந்ததால், நெருக்கினால் நசுங்காமல் மேலே எழும்பிவிடும். பாறையில் மோதுவதற்காகக் கட்டிய கப்பலா அது? 1893 செப்டம்பரில் நியூ சைபீரியத் தீவுகளுக்கு வடமேற்கே 13 பேரோடு உறைந்தது. 1896 ஆகஸ்டில் ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு வடக்கே விடுபட்டது. இடைப்பட்ட காலத்தில் நகர்ந்தது கப்பல் அல்ல, அதைப் பிடித்திருந்த கடலின் மேல்தோல். முதல் இலையுதிர் காலத்தில் அது தெற்கே பின்வாங்கி நான்சனைச் சோர்வடைய வைத்ததும் உண்டு. பாறை எப்போது பின்வாங்கியது?

பயணத்தின் பெரிய கண்டுபிடிப்பு இந்த நகர்விலேயே இருந்தது. கப்பலின் இருப்பிடத்தையும் காற்றின் திசையையும் ஓயாமல் குறித்துவந்தார்கள். வானிலைப் பதிவு இரவும் பகலும் நான்கு மணிக்கு ஒருமுறை. அவற்றை ஒப்பிட்டபோது, பனிக்கட்டி காற்று வீசும் திசையிலேயே போகாமல், 20 முதல் 40 டிகிரி வரை வலப்பக்கம் விலகிப்போவது தெரிந்தது. பூமி சுழல்வதால் வரும் விலகல் இது என்று நான்சன் கண்டார். மேல்நீர் வலப்பக்கம் விலகினால் அதன் கீழ்நீர் இன்னும் விலகும், அதற்கும் கீழ் இன்னும் விலகும் என்றும் ஊகித்தார். அந்த ஊகத்தைக் கணக்காக்கித் தந்தவர் ஸ்வீடனின் இளைஞர் வாக்ன் வால்ஃப்ரிட் எக்மன். 1902இலும் 1905இலும் வந்த அவருடைய கட்டுரைகளிலிருந்தே 'எக்மன் சுருள்' பிறந்தது. காற்று கடலை எப்படித் தள்ளுகிறது என்று இன்று எந்தக் கடலியல் வகுப்பில் தொடங்கினாலும் முதலில் நிற்பது அதுதான். இத்தனைக்கும் மூலம் என்ன? கப்பலைப் பிடித்திருந்த பொருள் காற்றுக்கு இணங்கி மிதந்து போனது. அதைப் 'பாறை' என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் எக்மன் சுருளை விளக்குகிறவர் வாசகரை என்ன நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்?

ஆழமும் இப்படித்தான். வடதுருவக் கடல் ஆழமற்றது என்று எண்ணிப் போனதால் அளவுக்கயிறு போதவில்லை. கப்பலின் எஃகு வடம் ஒன்றைப் புரி புரியாகப் பிரித்து, புதிதாக முறுக்கி, நீண்ட கயிறு செய்து இறக்கினார்கள். 3,000 மீட்டரைத் தாண்டிப் போயிற்று. மேலே உறையும் குளிரில் ஒரு நீர் அடுக்கு, அதன் கீழே அட்லாண்டிக்கிலிருந்து வந்த, பூஜ்யத்துக்கு மேலான வெப்பமுள்ள உப்புநீர் அடுக்கு. இதையெல்லாம் பாளத்தில் ஒரு துளை போட்டு, அதன் வழியே அளந்தார்கள். முடிவுகள் 1900இலிருந்து ஆறு தொகுதிகளாக வந்தன. (சைபீரியக் கரையோரம் நன்னீர் அடுக்கின்மேல் கப்பல் காரணமே இல்லாமல் வேகமிழந்ததையும் பின்னர் விளக்கியவர் எக்மன்தான். அதை 'இறந்த நீர்' என்று எழுதியவர்களோடு சண்டை இன்னொரு நாளைக்கு.)

சரி, பனிப்பாறை வேண்டாம் என்றால் எதை எழுதுவது? 'கடற்பனி' என்று ஒரு சொல் புழங்குகிறது. சுருக்கமானது, இலக்கணமும் சரி. ஆனால் மார்கழி விடியலில் கடற்கரைக்குப் போகிறவருக்குக் கடற்பனி என்றால் கடல்மேல் கவியும் மூடுபனிதான். ஆயிரம் ஆண்டுகளாகக் குளிரையும் ஈரத்தையும் குறித்துவந்த சொல்லை, ஒரு கலைச்சொல் குழு கூடி ஒரு மாலையில் இறுகவைத்துவிட முடியாது. 'உறைபனி' என்பார் இன்னும் சிலர். அந்த இடம் காலியாக இல்லை. ஊட்டியில் புல்வெளி வெளுக்கும்போதெல்லாம் நாளிதழ்கள் அதைத்தான் தலைப்பாக்குகின்றன. 'பனித்தட்டு' என்கிறவர்கள் அன்டார்க்டிகாவின் கரையோடு ஒட்டி நிற்கும் பெரும்பரப்புக்கும் அதையே வைத்திருக்கிறார்கள். அது மறுபடி நிலத்துப் பனிக்கட்டி, மறுபடி குழப்பம். 'பனிமிதவை' கேட்க அழகு. ஆனால் பனிப்பாறையும் மிதக்கத்தானே செய்கிறது? 'மிதவைப் பனிப்பாறை' என்று எழுதியவரைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

நான் பரிந்துரைப்பது பாளம். தகடாய், கனமாய், உடைந்த விளிம்போடு கிடப்பதற்குத் தமிழில் இதைவிடப் பொருந்தும் சொல் இல்லை. வறண்ட கண்மாய் பாளம் பாளமாக வெடிக்கிறது. வான்வழிப் படத்தில் உறைந்த கடலும் அச்சாக அப்படித்தான் இருக்கிறது. இரும்புப்பாளம், தங்கப்பாளம் என்று உருக்கி இறுகவைத்ததையும் சொல்கிறோம். ஆகவே தனித்துண்டு பனிப்பாளம். அவை நெருங்கிக் கிடப்பது பனிப்பாளத் திரள். பொதுவாகக் கடல் உறைந்து ஆன பொருளைச் சொல்லக் கடற்பனிக்கட்டி. நீளம்தான், ஆனால் பொய் சொல்லாது. 'கடல் ஐஸ்' என்று எழுதினாலும் நான் கோபப்படமாட்டேன். தூய தமிழ்த் தவறைவிடக் கலப்புத் தமிழ்ச் சரி மேல் என்பது என் கட்சி. தனித்தமிழ் நண்பர்கள் என்னைத் திட்டுவது இந்த ஒரு வரிக்காகத்தான். பனிப்பாளம் நான் செய்த சொல்லும் அன்று. ஆங்காங்கே கண்ணில் படுவதுதான். எடுத்து வைக்க ஆளில்லை.

செய்தி அறைகள் கையில் எடுத்தால் ஒரு வாரத்தில் நிலைத்துவிடும். ஆனால் அங்கே 'ஆர்க்டிக் பனிப்பாறைகள் உருகிக் கடல்மட்டம் உயர்கிறது' என்ற தலைப்பு ஆண்டுதோறும் அச்சேறுகிறது. ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கும் கடற்பனிக்கட்டி உருகினால் கடல்மட்டம் சொல்லும்படி உயராது. உயர்த்துவது நிலத்திலிருந்து வரும் நீர்: கிரீன்லாந்து, அன்டார்க்டிகா, மலைப் பனியாறுகள். ஒரே சொல்லில் கடற்பனிக்கட்டியையும் நிலத்துப் பனிக்கட்டியையும் போட்டு மூடியதால், பள்ளிப் பிள்ளைகூடக் கேட்டிருக்கக்கூடிய கேள்வி எழாமலே போகிறது. இத்தனைக்கும் நம் புவியியல் பாடநூலில் 'பனியாறு' ஒழுங்காக இருக்கிறது. தேர்வு முடிந்ததும் அதைக் கீழே வைத்துவிட்டுப் போகிறோம். 2021 பிப்ரவரியில் உத்தரகண்டின் சமோலியில் வெள்ளம் வந்தபோது 'பனிப்பாறை வெடிப்பு' என்று எங்கும் எழுதினார்கள். ரோண்டி சிகரத்திலிருந்து சரிந்தது பெரும்பாலும் அசல் பாறை, அதோடு பனிக்கட்டி. தமிழில் 'பாறை' என்பது பொருந்தியிருக்கக்கூடிய ஒரே நாளிலும் எழுதியவர்கள் பனியாற்றைத்தான் நினைத்திருந்தார்கள்.

ஜெர்மனியின் ஆய்வுக்கப்பல் பொலார்ஸ்டேர்ன் 2019 அக்டோபரில் நான்சனின் முறையைப் பின்பற்றி வடதுருவக் கடலில் ஒரு பாளத்தோடு தன்னைப் பிணைத்துக்கொண்டது. பனிப்பாறையில் நங்கூரமிட்டது என்று தமிழில் வந்தது. அடுத்த ஜூலை இறுதியில், ஃப்ராமின் பெயரையே தாங்கிய நீரிணையின் பக்கம் வந்தபோது, அந்தப் பாளம் துண்டு துண்டாகப் பிரிந்தது. அந்தச் செய்தியைப் 'பனிப்பாறை நொறுங்கியது' என்று எழுதியவர், அறிவியலாளர்கள் அடுத்த மாதமே வடக்கே போய் வேறொரு பாளத்தைத் தேர்ந்து வேலையைத் தொடர்ந்ததை எப்படி எழுதினாரோ, தேடிப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.