பாட்டை மாற்றத்தானே திறந்தேன் என்கிறவர்களுக்கு

"தாலி கட்டுற நேரத்துல ஸ்கிரீன்ல என்னமோ ஓடிருச்சு தம்பி. பொண்ணு வீட்டுக்காரவ சத்தம் போடுதாவ. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜர் அண்ணாச்சி போன வாரம் இப்படிக் கூப்பிட்டார். சித்திரை பிறந்ததிலிருந்து இதே மாதிரி வந்த மூன்றாவது அழைப்பு இது. நெட்வொர்க், கேமரா, கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று திருநெல்வேலியில் 12 வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். போனிலிருந்து பாட்டு மாற்றும் வசதியை ஊருக்கே திறந்து வைக்காதீர்கள் என்று போகிற இடத்தில் எல்லாம் சொல்லித்தான் வருகிறேன். இனி எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். மண்டபம் நடத்துகிறவர்கள், ரேடியோ செட் வைத்திருக்கிறவர்கள், கோயில் கமிட்டியில் இருக்கிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

நடந்தது இதுதான். மண்டப ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி ஸ்கிரீனுக்கு ஒரு கேபிள் போகிறது. படம், பாட்டு எல்லாம் விஎல்சி என்ற பிளேயரில்தான் ஓடும். மேனேஜர் ஒவ்வொரு தடவையும் ஆபீசுக்கு ஓட முடியாது என்பதால், மேடைப் பக்கம் நின்றபடியே போன் பிரவுசரில் மாற்ற விஎல்சியிலேயே இருக்கும் ஒரு வசதியைத் திறந்து ஏற்பாடு செய்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். அதற்கு வைத்த பாஸ்வேர்டு 1234. வைஃபை பாஸ்வேர்டு பந்திக் கூடத்து வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. விருந்தாளிக்கும் ஆபீசுக்கும் ஒரே வைஃபை.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் கொடுத்த நேரத்தில், ஸ்கிரீனில் இருந்த நெல்லையப்பர் காந்திமதி படம் போய் ஒரு குத்துப்பாட்டு முழுச் சத்தத்தில் வந்திருக்கிறது. மேனேஜர் தன் போனில் நிறுத்த நிறுத்த அது திரும்பத் திரும்ப ஓடியிருக்கிறது. கடைசியில் யாரோ ஆபீசுக்கு ஓடிப் போய் பவர் வயரைப் பிடுங்கியிருக்கிறார்கள். நான் போனபோது பெண்ணின் அப்பா மணவறைப் படியில் உட்கார்ந்திருந்தார். யார் செய்தது என்றுகூட அவர் கேட்கவில்லை. "அந்த அரை நிமிஷத்தை மட்டும் வீடியோல இருந்து எடுத்துர முடியுமா தம்பி?" என்று கேட்டார். படத்தை வெட்டலாம் ஐயா, தாலி கட்டுகிற இடத்தை எப்படி வெட்டுவது?

செய்த பையன் யாரென்று தேடச் சொன்னார்கள். நான் தேடவில்லை. மண்டபத்தில் முந்நூறு போன் இருந்திருக்கும். வைஃபையில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று காட்டும் ஆப் எல்லாரும் இறக்கிக்கொள்ளக் கூடியதுதான். அதில் ஒரு முகவரியைத் தொட்டு, 8080 என்று சேர்த்து பிரவுசரில் அடித்தால் விஎல்சியின் பக்கம் வந்து நிற்கும். பயனர் பெயர் கிடையாது, அந்த இடம் காலி. பாஸ்வேர்டு மட்டும்தான். 2013-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து பாஸ்வேர்டு வைக்காமல் இந்த வசதி வேலையே செய்யாது. எழுதியவர்கள் அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள். அதில் நாம் 1234 என்று போடுகிறோம்.

சரி, இப்போது எனக்குத் தாங்கவே முடியாத பேச்சுக்கு வருகிறேன். "பாட்டு மாத்தத்தானே திறந்து வச்சோம், இதுல திருட என்ன இருக்கு?" மேனேஜர் அண்ணாச்சியும் இதையேதான் கேட்டார். மூன்று மண்டபத்திலும் இதையேதான் கேட்டார்கள். வீட்டு டிவி ரிமோட் போலத்தான் இதையும் நினைக்கிறார்கள். டிவி ரிமோட்டுக்கு டிவியின் சேனலும் சத்தமும் மட்டும்தான் தெரியும். விஎல்சியின் அந்தப் பக்கத்தில் பாட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் பாட்டு போல்டர் மட்டுமா வருகிறது? சி டிரைவ், டி டிரைவ், டெஸ்க்டாப், அதில் இருக்கும் போல்டர், அதற்குள் இருக்கும் கோப்பு, எல்லாம் பெயரோடு வரிசையாக வரும். "இந்த ஆள் சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கட்டும், அந்த ஆள் பாட்டை மாற்றட்டும்" என்று அதில் பிரித்துக் கொடுக்க வழியே இல்லை. பாஸ்வேர்டு தெரிந்தவர் எல்லாரும் ஒன்றுதான்.

வாயால் சொல்லி அண்ணாச்சிக்குப் புரியவில்லை. சாயங்காலம் மண்டபம் காலியான பிறகு, அவரை மேடைக்கு எதிரே முதல் வரிசை நாற்காலியில் உட்கார வைத்தேன். நான் பந்திக் கூடத்துக்குப் போய், விருந்தாளி மாதிரியே சுவரில் இருந்த பாஸ்வேர்டைப் போட்டு வைஃபையில் சேர்ந்தேன். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். டி டிரைவ், புக்கிங் என்று ஒரு போல்டர், அதற்குள் மாதவாரியாக போல்டர்கள். மண்டபம் பதிவு செய்ய வந்த ஒவ்வொரு குடும்பத்தின் ஆதார் நகலும் அதற்குள் இருந்தது. அதையெல்லாம் நான் தொடவில்லை. அண்ணாச்சியின் பெயரில் இருந்த ஒரு போல்டரில் அவருடைய பான் கார்டு ஸ்கேன் இருந்தது. அதைத் தொட்டேன். விஎல்சி பாட்டை மட்டும் காட்டுவதில்லை, ஜேபிஜி படத்தையும் காட்டும். பன்னிரண்டடி ஸ்கிரீனில் அவர் முகமும் பான் எண்ணும் கையெழுத்தும் வந்து நின்றன.

அவர் எழுந்து நின்றுவிட்டார். "இதை யார் வேணும்னாலும் போட்டிருக்கலாமா?" என்று கேட்டார். போடலாம் அண்ணாச்சி. போன வாரம் வந்தவர், போன மாதம் வந்தவர், எல்லாரும் பார்த்திருக்கலாம். அந்தப் பையன் குத்துப்பாட்டோடு விட்டது உங்கள் நல்ல நேரம்.

ரேடியோ செட் காரர்களுக்குத் தனியாக ஒன்று. அந்தப் பக்கத்தில் சத்தத்தை 100-ஐத் தாண்டியும் ஏற்றலாம். நீங்கள் ஆம்ப்ளிபயரில் பார்த்துப் பார்த்து வைத்த அளவை எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் குலைத்துவிடலாம். குழாய் ஸ்பீக்கரின் யூனிட் போனால் செலவு யாருடையது என்று உங்களுக்கே தெரியும்.

"நம்ம வைஃபைக்குள்ள இருக்கவ எல்லாம் நம்மாள்தானே" என்பது அடுத்த பேச்சு. வீட்டில் சரி. முந்நூறு பேர் வந்து போகிற இடத்தில் அது எப்படிச் சரியாகும்? இன்னொன்றும் இருக்கிறது. விஎல்சியின் அந்தப் பக்கம் பூட்டில்லாத இணைப்பில் போகிறது. அதில் போகும் பாஸ்வேர்டு ஏதோ எழுத்துக் கூட்டமாகத் தெரிந்தாலும் அது எழுத்தை மாற்றி எழுதியதுதான், ரகசியமாக்கியது இல்லை. கவனிக்கத் தெரிந்தவருக்கு அதைப் படிப்பது பெரிய வேலை இல்லை. ஆகவே பாஸ்வேர்டை நீளமாக்கினால் மட்டும் போதாது.

எல்லாமே விஷமம் என்றும் நினைத்துவிடாதீர்கள். போனில் இருப்பதை டிவியில் காட்டும் க்ரோம்காஸ்ட் கருவி வழியாக ஏதாவது ஓடினால், அதே வைஃபையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்களில் நிறுத்து, ஓட்டு என்ற பொத்தானோடு ஓர் அறிவிப்பு வரும். யாரோ ஒரு பெரியம்மா தன் போனில்தான் பாட்டு ஓடுகிறது என்று நினைத்து நிறுத்திவிடுவார். கூகுள் ஹோம் ஆப்பில் அந்தக் கருவியின் அமைப்புக்குள், மற்றவர்கள் கட்டுப்படுத்தலாமா என்று ஒரு தேர்வு இருக்கும். அதை அணைத்தால் போதும். இதற்குப் போய் ஒரு குடும்பத்தில் சித்தப்பாவும் மச்சினனும் பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வைஃபைக்குள் நடப்பதாவது வந்த விருந்தாளியோடு போகும். இணையத்துக்கே கதவைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும்.

வள்ளியூர்ப் பக்கம் ஓர் ஊரில் அம்மன் கோயில். அந்த ஊர்க்காரர் ஒருவர் மும்பையில் கடை வைத்திருக்கிறார். கோயிலுக்கு ரேடியோ செட்டும் கம்ப்யூட்டரும் வாங்கிக் கொடுத்தது அவர்தான். ஊருக்கு வருவது கொடைக்கு மட்டும். தினமும் காலையும் மாலையும் தன் கையால் அம்மனுக்கு ஒரு பாட்டுப் போட வேண்டும், மும்பையில் இருந்தே போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. இந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அமைத்துக் கொடுத்தவர் செய்ததை மன்னிக்க முடியவில்லை. முதலில் ரவுட்டரில் 8080 போர்ட்டை, அதாவது விஎல்சியின் பக்கத்துக்கு வெளியிலிருந்து வரும் கதவை, திறந்திருக்கிறார். நம் ஊர்ப் பக்கம் வீடுகளுக்குக் கொடுக்கும் இணைப்புகள் பலவற்றில் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதால் அது வேலை செய்யவில்லை. உடனே தனியாகப் பணம் கட்டி நிலையான ஐபி, அதாவது கோயிலுக்கென்றே மாறாத ஒரு வெளி முகவரி, வாங்க வைத்திருக்கிறார். அப்போதும் ஏதோ தடுத்திருக்கிறது. கடைசியில் ரவுட்டரில் டிஎம்இசட் என்று இருக்குமே, அதில் கோயில் கம்ப்யூட்டரின் முகவரியைப் போட்டுவிட்டு, வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வாலையும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். பாட்டு வந்துவிட்டது. மும்பை அண்ணாச்சிக்குச் சந்தோஷம்.

டிஎம்இசட்டில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டால் ஒரு போர்ட் மட்டும் திறப்பதில்லை, வெளியிலிருந்து வருவது அத்தனையும் நேராக அதன் தலையில் போய் விழும். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்ததோ விண்டோஸ் 7. அதற்கான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளையும் ஆபீஸ்களையும் முடக்கியது இப்படி 445-ஆம் போர்ட் திறந்து கிடந்த, அப்டேட் போடாத விண்டோஸ்கள் வழியாகத்தான்.

ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்குக் கோயில் குழாயில் பாட்டு தானாக ஓட ஆரம்பித்தது. ஊரே எழுந்து வந்திருக்கிறது. சாவி வைத்திருந்த பூசாரி பக்கத்து ஊரில் இருந்ததால் முக்கால் மணி நேரம் ஓடியிருக்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதி சொல்கிறது. மறுநாள் போலீஸ் வந்து தர்மகர்த்தாவைத்தான் கேட்டார்கள். மறுநாள் மாலை நான் போய், அந்த இணைப்பில் வெளியிலிருந்து என்னதான் வருகிறது என்று ஒரு மணி நேரம் பார்த்தேன். தட்டிப் பார்க்கும் முகவரிகள் நிற்கவே இல்லை. இவையெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து தட்டுவது கிடையாது. திறந்த போர்ட்டைத் தேடி இணையம் முழுவதையும் ராத்திரி பகலாகத் துழாவும் புரோகிராம்கள். திறந்து கிடக்கும் கருவிகளைப் பட்டியல் போட்டுக் காட்டும் ஷோடான் என்ற தேடுபொறியே 2009-இலிருந்து இருக்கிறது. "எங்க ஊர்க் கோயிலை யாரு தேடி வரப்போறா?" என்றார் தர்மகர்த்தா. ஊர் பெயர் அந்தப் புரோகிராம்களுக்கு எதற்கு, ஐபி எண்ணை வரிசையாக எண்ணிக்கொண்டு வருகின்றன.

2019 ஜனவரியில் ஆயிரக்கணக்கான க்ரோம்காஸ்ட்களில், டிவி வைத்திருந்தவர்கள் கேட்காமலே ஒரு யூடியூப் வீடியோ ஓடியது. அங்கே யாரும் டிஎம்இசட் கூடப் போடவில்லை. ரவுட்டரில் யுபிஎன்பி என்ற வசதி தானாகக் கதவைத் திறந்து வைத்திருந்தது, அவ்வளவுதான். உங்கள் ரவுட்டரிலும் அது இருக்கும். இன்றைக்கே அணையுங்கள். அணைத்ததால் ஏதாவது நின்றால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கோயிலுக்குக் கடைசியில் என்ன செய்தேன் என்றால், டிஎம்இசட்டை எடுத்தேன், போர்ட்டை மூடினேன், நிலையான ஐபியை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னேன். விண்டோஸை மாற்றினேன். கோயில் கம்ப்யூட்டரிலும் மும்பை அண்ணாச்சி போனிலும் டெயில்ஸ்கேல் என்ற ஆப்பைப் போட்டேன். வயர்கார்டு என்ற பாதுகாப்பு முறையில் இரண்டுக்கும் நடுவே தனிப் பாதை அமைத்துக் கொடுக்கும். வெளியே ஒரு போர்ட்கூடத் திறக்க வேண்டாம், அந்தப் பாதையில் போகிற எல்லாம் பூட்டிப் போகும். இப்போதும் காலையில் ஆறு மணிக்கு மேல் அவர்தான் மும்பையில் இருந்து பாட்டுப் போடுகிறார். முதல் நாள் போட்டுவிட்டு, கேட்கிறதா என்று பூசாரியிடம் வீடியோ காலில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

தினமும் ஒரே நேரம், ஒரே பாட்டு என்றால் ரிமோட்டே தேவையில்லை. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் நேரத்தைக் குறித்து வைத்தால் அதுவே போட்டுவிடும்.

மண்டபக்காரர்கள் செய்ய வேண்டியதும் கஷ்டமான வேலை கிடையாது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் பாட்டுப் போடாதீர்கள், இதைத்தான் முதலில் சொல்வேன். ஒரு பழைய லேப்டாப்பில் இருப்பதை எல்லாம் அழித்து, பாட்டும் படமும் மட்டும் போட்டு, அதை ஸ்கிரீனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் நகல் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஸ்கிரீனுக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. விருந்தாளிக்கு ரவுட்டரிலேயே கெஸ்ட் வைஃபை என்று தனியாக இருக்கும், அதைக் கொடுங்கள். கொடுத்த பிறகு உங்கள் போனை அந்த கெஸ்ட் வைஃபையில் சேர்த்து, லேப்டாப் முகவரியோடு 8080 போட்டு அடித்துப் பாருங்கள். பக்கம் திறந்தால் அமைத்தவரைத் திரும்பக் கூப்பிடுங்கள், பணத்தைப் பிறகு கொடுங்கள். லேப்டாப்பின் ஃபயர்வாலில் விஎல்சிக்கான விதியில் மேனேஜர் போனின் முகவரியை மட்டும் அனுமதிக்க முடியும், அதையும் கேட்டுச் செய்து வாங்குங்கள். ரவுட்டரின் சொந்த பாஸ்வேர்டு இன்னமும் அட்மின், அட்மின் என்று இருந்தால் இதில் எதைச் செய்தும் பிரயோஜனம் இல்லை.

விஎல்சியின் அந்தப் பக்கமே வேண்டாம் என்றால் போனிலிருந்து கம்ப்யூட்டரில் பாட்டை மாற்ற கேடிஇ கனெக்ட் என்ற ஆப் இருக்கிறது, காசு கிடையாது. போனையும் கம்ப்யூட்டரையும் ஒருமுறை நேரில் வைத்து, இரண்டிலும் ஒரே எண் தெரிகிறதா என்று பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். சேராத போன் எதுவும் அதைத் தொட முடியாது. மேடை ஆபீசுக்குப் பக்கத்தில்தான் என்றால் யூஎஸ்பி சொருகும் ஒரு சின்ன வயர்லெஸ் கீபோர்டே போதும், நெட்வொர்க்கே வேண்டாம்.

தூரத்தில் இருந்தே கம்ப்யூட்டரை இயக்க விடும் எனிடெஸ்க் ஆப்பைப் போட்டுக்கொண்டால் ஆகாதா என்று கேட்கிறார்கள். பாட்டு மாற்றுவதற்காகக் கம்ப்யூட்டரையே முழுதாக எடுத்துக் கொடுப்பதா? ஆள் இல்லாமலே நுழைய ஒரு பாஸ்வேர்டு வைத்து, அதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி ஆப் வழியாகப் பணம் போவதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்துவிட்டது. பணம் போயிருந்தால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அடியுங்கள்.

ஆடி பிறந்தால் மண்டபங்கள் காலியாகத்தான் கிடக்கும். அந்த மாதத்தில் ஒரு மத்தியானத்தை இதற்கு ஒதுக்குங்கள். ரேடியோ செட் காரர்களுக்கு ஆடியில் கொடை வேலை தலைக்கு மேல் இருக்கும், நீங்கள் ஆனி முடிவதற்குள் முடித்துவிடுங்கள். அந்தப் பாளையங்கோட்டை மண்டபத்துக்கு நான் நாளைக்குப் போகிறேன். பந்திக் கூடத்துச் சுவரில் இருந்த தாளை மேனேஜர் அண்ணாச்சி அன்றைக்கே கிழித்துவிட்டார்.