பேஸ் முழங்கும்போது படம் நடுங்குகிறதா? சீலிங் புரொஜெக்டரின் பிடிமானத்தைச் சரிபாருங்கள்

சப்வூஃபர் (பேஸ் எனப்படும் கனத்த தாழ்ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) முழங்கும் காட்சிகளில் மட்டும் படம் கூர்மை இழக்கிறது, சப்டைட்டில் எழுத்துகள் இரட்டையாகத் தெரிகின்றன என்றால், சீலிங்கில் தொங்கும் புரொஜெக்டர் ஆடுகிறது என்று சந்தேகிக்கலாம். இதற்கு எல்லோரும் முதலில் செய்யும் வைத்தியம், மவுன்ட் தகட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே நான்கு ரப்பர் வாஷர்களைச் செருகுவது. அதனால் நடுக்கம் குறைவது அரிது. கூடிவிடுவதும் உண்டு.

ஏனென்று புரிய ஒரு சின்னக் கணக்கு போதும். புரொஜெக்டர் மேலும் கீழுமாக அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் படமும் அரை மில்லிமீட்டர்தான் நகரும். ஆனால் புரொஜெக்டர் தலையாட்டினால், அதாவது கோணம் மாறினால், திரைக்கு உள்ள தூரம் அதைப் பெருக்கிக் காட்டிவிடும். 4 மீட்டர் தூரத்தில் 0.01 டிகிரி ஆட்டம் என்பது திரையில் 0.7 மில்லிமீட்டர். 120 அங்குலத் திரையில் 4கே படத்தின் ஒரு பிக்சலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அந்த 0.01 டிகிரிக்கு, 30 செ.மீ. நீளமுள்ள புரொஜெக்டரின் ஒரு முனை 0.05 மி.மீ. உயர்ந்தாலே போதும். ஒரு வெள்ளைத்தாளின் தடிமனில் பாதி. ஆகவே நாம் அடக்க வேண்டியது இந்தத் தலையாட்டலை. பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ நேராக நகர்வது இரண்டாம்பட்சம்.

எது ஆடுகிறது என்று முதலில் பாருங்கள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் சோதனைக்கு ஒதுக்குங்கள். ஒரு பிக்சல் கனமுள்ள கோடுகளால் ஆன கட்டப் படத்தைத் திரையில் நிறுத்துங்கள். சப்வூஃபரில் 15 ஹெர்ட்ஸிலிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோனை ஓடவிட்டு, கோடுகள் எந்த ஹெர்ட்ஸில் மங்குகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் பலமாக நடுங்கினால் அது ஒத்ததிர்வு; பிடிமானத்தில் உள்ள ஏதோ ஒரு பாகம் அந்த அதிர்வெண்ணுக்குத் தாளம் போடுகிறது. எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் நடுங்கினால் சீலிங்கே ஆடுகிறது, அல்லது எங்கோ ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது.

திரை ஆடுகிறதா என்பதையும் பாருங்கள். படத்தின் ஓரம் திரைக்கு வெளியே சுவரில் விழும்படி லென்ஸ் ஷிஃப்ட்டை (புரொஜெக்டரை அசைக்காமல் படத்தை மட்டும் நகர்த்தும் வசதி) நகர்த்துங்கள். சுவரில் விழும் கோடு அசையாமல் இருந்து, திரையில் விழுவது மட்டும் நடுங்கினால் புரொஜெக்டர் மேல் குற்றமில்லை. திரைக்குப் பின்னால் சப்வூஃபர் வைத்திருக்கும் அறைகளில் இது சகஜம்.

மூன்றாவது சோதனையைப் பலரும் செய்வதில்லை. ஒரு லேசர் பாயின்டரைப் புரொஜெக்டரின் உடலோடு இறுக்கமாக டேப் போட்டு ஒட்டி, புள்ளியைத் திரையில் விழச் செய்யுங்கள். யார் கண்ணிலும் படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். புள்ளியும் படமும் சேர்ந்து ஆடினால் பிடிமானக் கோளாறு. புள்ளி நிலையாக இருந்து படம் மட்டும் ஆடினால் லென்ஸோ அதன் ஷிஃப்ட் அமைப்போ உள்ளே தளர்ந்திருக்கிறது. அதை எந்த மவுன்டும் சரிசெய்யாது. சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

இறுக்கமா, மென்மையா: இரண்டில் ஒன்று

சப்வூஃபரின் முக்கிய வேலை 20 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள். புரொஜெக்டரும் பிடிமானமும் சேர்ந்த அமைப்புக்கு என்று ஓர் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம், இருக்கும். அது 80-க்கு மேலே போக வேண்டும், அல்லது 10-க்குக் கீழே இறங்க வேண்டும். நடுவில் நிற்கும் இரண்டுங்கெட்டான் பிடிமானம்தான் ஆகக் கெட்டது. ரப்பர் வாஷர் செய்வது அதைத்தான்: இறுக்கமாக இருந்ததைத் தளர்த்தி, சரியாக பேஸ் முழங்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

சீலிங் கனமான கான்கிரீட் தளமாக இருந்தால் இறுக்கமான வழியே நல்லது. தளம் பெரிதாக ஆடுவதில்லை; ஆடுவது கீழே தொங்கும் பைப். வெளிவிட்டம் 33 மி.மீ., சுவர்க் கனம் 3.4 மி.மீ. உள்ள 1 அங்குல இரும்புப் பைப்பில் 60 செ.மீ. கீழே 8 கிலோ புரொஜெக்டரைத் தொங்கவிட்டால், இணைப்புகள் எல்லாம் முழு இறுக்கமாக இருந்தாலும் பக்கவாட்டு இயல்பு அதிர்வெண் சுமார் 18 ஹெர்ட்ஸ்தான் வரும். நிஜத்தில் இன்னும் குறையும். பைப்பை 30 செ.மீ. ஆக வெட்டினால் அது 50 ஹெர்ட்ஸ். 30 செ.மீ. நீளத்தோடு 1½ அங்குலப் பைப்புக்கும் மாறினால் 95-ஐத் தொடும். நீளத்தைக் குறைப்பதைவிடப் பலனுள்ள வேலை வேறில்லை. லென்ஸ் ஷிஃப்ட் உள்ள புரொஜெக்டரைப் பைப்பே இல்லாமல் சீலிங்கோடு ஒட்டி மாட்டிவிட்டு, படத்தை ஷிஃப்ட்டால் கீழே இறக்கிக்கொள்ளலாம். கோணலான படத்தை மென்பொருளால் நிமிர்த்தும் கீஸ்டோனைத் தொடாதீர்கள், அது பிக்சல்களைக் கெடுத்துவிடும்.

பைப் நீளமாகத்தான் இருக்க வேண்டும் என்றால், அதன் அடிமுனையிலிருந்து சீலிங்குக்கு 45 டிகிரிச் சாய்வில் மூன்று திசைகளில் முட்டுக் கொடுங்கள். இரும்புப் பட்டையாகவும் இருக்கலாம், டர்ன்பக்கிள் (திருகி ஒயரை இறுக்கும் கருவி) வைத்து இழுத்துக் கட்டிய 2 மி.மீ. ஸ்டீல் ஒயராகவும் இருக்கலாம். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் டெலஸ்கோப் பைப் வேண்டவே வேண்டாம். அதன் இணைப்பில் உள்ள மயிரிழை இடைவெளி ஒன்றே மேலே சொன்ன 0.05 மில்லிமீட்டரைப் பலமுறை தின்றுவிடும். பந்து வடிவ இணைப்பு உள்ள மவுன்டுகளும் அப்படித்தான். மாட்டும்போது சுகம், பிறகு தலைவலி.

இதில் அடிக்கடி கண்ணில் படாமல் போகும் ஒன்று ஃபால்ஸ் சீலிங். ஜிப்சம் போர்டுக்கு மேலே காற்று வெளி இருப்பதால், பேஸ் அழுத்தம் அதைக் கீழிருந்து மட்டும் தள்ளுகிறது. ஒரு பெரிய முரசுத் தோல் போல அது அடிபடும். மவுன்டை போர்டிலோ அதன் மெல்லிய தகரச் சட்டத்திலோ மாட்டினால் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? பைப் மேலே உள்ள கான்கிரீட் தளம் வரை போக வேண்டும். போர்டில் பைப் நுழையும் துளையில் சுற்றிலும் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். அழகுக்குப் போடும் வளையம் பைப்பைத் தொட்டாலும் முரசின் ஆட்டம் மறுபடி பைப்பில் ஏறிவிடும்.

மென்மையான தொங்கல் எப்போது

மரச் சட்டத்தின் மேல் தளம் போட்ட வீடுகளில் சீலிங்கே ஆடும். அங்கே எவ்வளவு இறுக்கினாலும் அந்த ஆட்டம் முழுசாக இறங்கி வரும். அங்குதான் அதிர்வைத் தடுக்கும் ரப்பர் ஐசொலேட்டருக்கு வேலை. ஆனால் அளவு முக்கியம்.

7 ஹெர்ட்ஸில் நிற்கும் தொங்கலில், 21 ஹெர்ட்ஸ் அதிர்வில் எட்டில் ஒரு பங்குதான் கீழே வரும். 7 ஹெர்ட்ஸ் கிடைக்க, பாரம் ஏறியதும் ரப்பர் குறைந்தது 5 மி.மீ. அமுங்க வேண்டும். அதிர்வின்போது ரப்பர் கொஞ்சம் கூடுதல் விறைப்பு காட்டும் என்பதால் 6 அல்லது 7 மி.மீ. என்று வைத்துக்கொள்வது நல்லது. 3 மி.மீ. கனமுள்ள வாஷர் எப்படி 5 மி.மீ. அமுங்கும்? மேலும், வாஷரின் நடுவே போகும் போல்ட் இரும்பை இரும்போடு சேர்த்துவிடுகிறது. ரப்பர் அங்கே பெயருக்குத்தான். கடையில் கிடைக்கும் மெஷின் ஐசொலேட்டர்களிலும் இதே சிக்கல். தலா 50 கிலோ தாங்கும் ரப்பரில் 3 கிலோ வைத்தால் அது கல் போல நிற்கும். கூடுதல் பாரம் தாங்குவது கூடுதல் பாதுகாப்பு என்ற நினைப்பு இங்கே பொருந்தாது.

கட்டும் முறை இது. மரச் சட்டங்கள் இரண்டின் குறுக்கே 18 மி.மீ. பிளைவுட் பலகையை ஸ்க்ரூ செய்து, அதிலிருந்து 40 செ.மீ. சதுரத்தின் நான்கு மூலைகளில் எம்8 போல்ட்டுகளைக் கீழே இறக்குங்கள். மவுன்டைத் தாங்கும் இரும்புத் தகட்டில் 14 மி.மீ. துளைகள் போட்டு அந்த போல்ட்டுகளில் கோத்துவிடுங்கள். தகட்டுக்கு அடியில் 35 மி.மீ. கனமுள்ள மென்ரப்பர் வளையம், அதற்கடியில் அகல வாஷர், கடைசியில் நைலான் லாக் நட். தகடு ரப்பரின் மேல் உட்காருகிறது, ரப்பர் அமுங்குகிறது. ரப்பரைப் பிடித்து இழுக்கும்படி ஒருபோதும் தொங்கவிடாதீர்கள். ஒட்டு விட்டுப் போனால் புரொஜெக்டர் தரையில். இந்த அமைப்பில் ரப்பர் கிழிந்தாலும், வாஷர் துளையைவிட அகலமாக இருப்பதால் தகடு அதில் நின்றுவிடும்.

தகடு கனமாக இருப்பது லாபம்தான். 8 கிலோ புரொஜெக்டருக்கு 4 கிலோ இரும்பு சேர்த்தால், காற்றின் வழியே நேராக வந்து மோதும் பேஸும் அதை எளிதில் அசைக்காது. தகட்டுக்குக் கீழே பைப் 15 செ.மீ.-க்கு மேல் வேண்டாம்; நீண்டால் ஊஞ்சலாகிவிடும். எச்.டி.எம்.ஐ கேபிளும் மின்கேபிளும் விறைப்பாக சீலிங்கைத் தொட்டபடி இருந்தால் ரப்பரைச் சுற்றி அவை வழியே அதிர்வு வரும். ஒரு தளர்ந்த வளைவு விடுங்கள்.

சப்வூஃபருக்கு அடியில் ஃபோம் வைப்பது கான்கிரீட் தரையில் அநேகமாக வீண். சீலிங்கை ஆட்டுவது தரை அல்ல, காற்று. அதைவிட, நடுங்கும் ஹெர்ட்ஸை டோன் சோதனையில் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால் ஈக்குவலைசரில் அந்த ஒரு புள்ளியை 6 டெசிபல் இறக்கிப் பாருங்கள். ஆட்டம் பாதியாகும். 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸ் தானாகவே மேலெழும்பும் என்பதால், இறக்குவதால் ஒலியும் பல நேரம் சீராகும். சப்வூஃபரை அரை மீட்டர் நகர்த்துவதும் இதே வேலையைச் செய்யலாம்.

விழாமல் இருக்க

தொடர்ந்து அதிரும் ஸ்க்ரூ தளரும். உலோகத்தோடு உலோகம் சேரும் இடங்களில் நீல நிற, நடுத்தர வலுவுள்ள திரெட்லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) போடுங்கள். புரொஜெக்டரின் பிளாஸ்டிக் உடலில் இறங்கும் ஸ்க்ரூக்களில் அது கூடாது. சில பிளாஸ்டிக்குகளை அது வெடிக்க வைக்கும். அந்த ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் எம்4. கையேட்டில் சொன்ன நீளத்துக்கு மேல் போனால் உள்ளே உள்ள போர்டைத் துளைத்துவிடும். மவுன்டின் கைகளை முடிந்தவரை குட்டையாக வைத்து, எத்தனை துளைகள் உண்டோ அத்தனையிலும் மாட்டுங்கள்.

ஆங்கர் போல்ட்டுகள் மொத்த எடையைப் போல ஐந்து மடங்கு தாங்க வேண்டும். கான்கிரீட் துளையில் தூசியை ஊதி எடுக்காமல் ஆங்கர் அடித்தால் அந்தக் கணக்கு செல்லாது. மவுன்டைச் சாராமல், கட்டடத்தில் தனியாக அடித்த கொக்கியிலிருந்து புரொஜெக்டருக்கு 3 மி.மீ. ஸ்டீல் ஒயர் ஒன்று கட்டுங்கள். அதில் 3 செ.மீ. தளர்வு இருக்கட்டும், விறைப்பாகக் கட்டினால் அதுவே அதிர்வுக்கு இன்னொரு பாதை.

ரப்பர் முதல் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டே போகும். மாட்டி இரண்டு வாரம் கழித்துப் படம் திரையில் சற்று இறங்கியிருந்தால் பதற வேண்டாம். லென்ஸ் ஷிஃப்ட்டில் அதைச் சரிசெய்துவிட்டு, எல்லா ஸ்க்ரூக்களையும் ஒருமுறை முறுக்கிப் பார்த்து, முதலில் ஓட்டிய அதே டோனை மறுபடி ஓடவிடுங்கள்.