ஒன்றுமே நடக்காத படத்தில் மூளைக்கு என்ன வேலை?

ஒரு பெண் சமையலறை மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவுகிறாள். கேமரா அசையவில்லை, பின்னணி இசை இல்லை, வசனமும் இல்லை. ஒரு கிழங்கு முடிந்ததும் அடுத்ததை எடுக்கிறாள். பெல்ஜிய இயக்குநர் ஷான்டால் ஆக்கர்மன் தன் 24 வயதில் எடுத்த 'ழான் டீல்மன்' 201 நிமிடம் ஓடுகிற படம். அதன் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. பிரஸ்ஸல்ஸில் மகனோடு வாழும் ஒரு விதவையின் மூன்று நாட்கள். பாத்திரம் கழுவுகிறாள், படுக்கையைச் சரிசெய்கிறாள், அறையைவிட்டு வெளியே வரும்போதெல்லாம் மறக்காமல் விளக்கை அணைக்கிறாள். பிற்பகலில் ஓர் ஆண் வந்து போவான். அவன் தரும் பணத்தைச் சாப்பாட்டு மேசைமேல் இருக்கும் பீங்கான் பாத்திரத்தில் போட்டு மூடுவாள். 1975இல் வந்த இந்தப் படத்தை, 2022இல் பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' திரைப்பட இதழ் நடத்திய வாக்கெடுப்பில் விமர்சகர்கள் உலகின் தலைசிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதல் நாளைப் பார்க்கும்போது நெளியாதவர்கள் குறைவு. ஆனால் இரண்டாம் நாள் கிழங்கு அளவுக்கு மீறி வெந்துபோகிறது. சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடக்கிறாள். பீங்கான் பாத்திரத்தை மூட மறந்திருக்கிறாள். தலைமுடி கலைந்திருக்கிறது. நடந்தது அவ்வளவுதான், பார்க்கிறவருக்கோ அடிவயிறு கலங்குகிறது. கார்கள் வெடித்துச் சிதறும் படங்களில் வராத பதற்றம், குழைந்துபோன ஒரு கிழங்கைப் பார்த்து ஏன் வருகிறது?

நம் மூளை கண்ணுக்கு முன் நடப்பதைப் பதிவு மட்டும் செய்துகொண்டிருப்பதில்லை. அடுத்த நொடி என்ன வரும் என்று எந்நேரமும் கணித்துக்கொண்டே இருக்கிறது. கணிப்பு பலித்தால் பெரிதாக ஒன்றுமில்லை. தவறினால், 'இங்கே ஏதோ புதிதாகத் தொடங்குகிறது' என்று ஒரு கோடு கிழித்துக்கொள்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஸாக்ஸ் இந்தக் கோடுகளைத் தேடியவர். சாதாரண வீட்டு வேலைகளைப் படம்பிடித்து ஆட்களுக்குப் போட்டுக் காட்டி, ஒரு செயல் முடிந்து அடுத்தது தொடங்குவதாகத் தோன்றும் இடத்தில் பொத்தானை அழுத்தச் சொன்னார். அந்தப் படங்களில் இருந்தவை, படுக்கை விரிப்பதும் பாத்திரம் கழுவுவதும்! 2001இல் வெளியான ஆய்வில், பொத்தான் பற்றி எதுவும் சொல்லாமல் முதலில் சும்மா பார்க்கவைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். பின்னால் பார்த்தவர்கள் பொத்தானை அழுத்திய அதே இடங்களில், முதல் தடவையே மூளையின் செயல்பாடு உயர்ந்திருந்தது.

சரி, ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தால்? பழகிப்போகும். ஓடுகிற மின்விசிறியின் சத்தம் காதில் விழுவதில்லை, கரண்ட் போனவுடன் அந்த அமைதி சட்டென்று உறைக்கிறது. மாஸ்கோவில் உளவியலாளர் எவ்கெனி சொகோலோவ் இதைத்தான் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். ஓர் ஒலியைப் பலமுறை கேட்கவைத்து அது பழகியபின், அதைக் கொஞ்சம் சீக்கிரமாக நிறுத்தினார். ஒலி தொடர்ந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் உடல் விழித்துக்கொண்டது. வெறும் சலிப்பாலோ சோர்வாலோ நரம்புகள் அடங்கிப்போயிருந்தால், ஒலி நின்றதற்கு அவை விழித்திருக்காது. பழகிப்போவது என்றால் மூளை தனக்குள் ஒரு துல்லியமான அச்சை வார்த்துக்கொண்டது என்று பொருள். வருவதையெல்லாம் அந்த அச்சோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

1978இல் பின்லாந்து உளவியலாளர் ரிஸ்டோ நாட்டானென் குழுவினர் இந்த ஒப்பீட்டின் மின் தடத்தையே கண்டுபிடித்தார்கள். ஒரே மாதிரி ஒலிகளுக்கு நடுவே ஒன்று சற்றே மாறி ஒலித்தால், நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் மூளையலையில் ஓர் அசைவு தெரிகிறது. கேட்பவர் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாலும் அது வருகிறது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது பின்வந்த ஆய்வுகள் காட்டிய ஒரு விஷயம்: மாறிய ஒலிக்கு முன்னால் ஒரே ஒலி எவ்வளவு அதிகத் தடவை வந்திருக்கிறதோ, அந்த அசைவும் அவ்வளவு பெரிதாகிறது.

இப்போது ஆக்கர்மனின் சமையலறைக்கு வருவோம். ஒலித்துண்டுகளும் மூன்று மணி நேரப் படமும் ஒன்றல்ல, இரண்டையும் இணைப்பது என் வாசிப்பு. ஆனாலும் பொருத்தம் கச்சிதமாக இருக்கிறது. முதல் நாள் முழுக்க, அவளுடைய வீட்டின் அச்சு நம் தலைக்குள் வார்க்கப்படுகிறது. விளக்கு, கதவு, மூடி, சட்டி, எது எப்போது என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. கேமரா அசையாததால் கவனம் சிதறவும் வேறு இடமில்லை. இரண்டாம் நாள் ஒரு மூடி திறந்து கிடந்தால் அது விபத்துக்குச் சமம். முதல் நாளைப் பாதியாக வெட்டியிருந்தால் யார் கண்ணிலும் அது பட்டிருக்காது. 'மெதுவாகப் போகிறது, ஆனால் நல்ல படம்' என்று சிலர் சொல்லும்போது எனக்கு ஒப்புக்கொள்ளத் தோன்றுவதில்லை. அந்த மெதுவான போக்குதான் படத்தின் இயந்திரம்.

வழக்கமான படங்கள் எதைக் கவனிப்பது என்று தேடும் வேலையை நமக்காகச் செய்துவிடுகின்றன. கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் கட்டிங் அளந்தபடி, ஆங்கிலப் படங்களில் ஒரு ஷாட்டின், அதாவது ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் ஓடும் துண்டின், சராசரி நீளம் 1930இல் 12 நொடி அளவில் இருந்தது, இப்போது இரண்டரை நொடியை ஒட்டி வந்திருக்கிறது. எது முக்கியம், எங்கே பார்க்க வேண்டும், எப்போது பயப்பட வேண்டும் என்பதைப் படத்தின் வெட்டுகளும் இசையும் சொல்லிவிடும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை நரம்பியல் ஆய்வாளர் யூரி ஹாசனின் குழு 2008இல் காட்டியது. ஒரே படத்தைப் பலருக்குக் காட்டி, மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணியில் எவ்வளவு பரப்பு எல்லோரிடமும் ஒன்றுபோல இயங்குகிறது என்று பார்த்தார்கள். த்ரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சிப் படம் ஒன்றுக்கு 65 சதவீதத்துக்கு மேல். நியூயார்க் பூங்கா ஒன்றில் நடந்த கச்சேரியை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்த காட்சிக்கு 5 சதவீதத்துக்கும் குறைவு. ஹிட்ச்காக் அரங்கத்தையே ஒரே கயிற்றில் கட்டி இழுக்கிறார். நீண்ட ஷாட் ஒவ்வொருவரையும் தன்போக்கில் விட்டுவிடுகிறது. 'ழான் டீல்மன்' பார்த்து வெளியே வந்தபின் ஒருவர் அவளுடைய தனிமையைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் தன் அம்மாவின் சமையலறையைப் பற்றிப் பேசுவார். இருவரும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்த நெளிச்சல். கவனத்துக்குப் பற்றிக்கொள்ள ஒன்றும் கிடைக்காதபோது அது நேரத்தின் மீதே திரும்புகிறது. நேரத்தைக் கவனித்தால் நேரம் நீள்கிறது, வரிசையில் நிற்கும்போது எல்லோரும் அறிந்ததுதான். சலிப்பை ஆராய்கிறவர்கள் அதை ஈடுபட விரும்பியும் ஈடுபட முடியாமல் தவிக்கும் நிலை என்கிறார்கள். கவனம் போக வழி தேடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். தியேட்டரில் வேறு போக்கிடம் இல்லாததால், சிறிது நேரத்தில் அது கிழங்கின் தோலில் வந்து உட்கார்கிறது. கத்தி போகும் தடம் தெரிகிறது, பக்கத்து அறையின் அமைதி கேட்கிறது.

வீட்டில் பார்க்கும்போது இது கெடுவது செல்போனால்தான். நெளிச்சல் வந்த கணமே கை அதை எடுத்துவிடுகிறது, உருவாகிக்கொண்டிருந்த அச்சு கலைந்துபோகிறது. இந்தப் படத்தைத் திரையிடும் விழாவோ திரைப்படச் சங்கமோ கிடைத்தால் அங்கே பாருங்கள். கிடைக்காவிட்டால், போனை வேறு அறையில் வைத்துவிட்டு முதல் நாளையாவது நிறுத்தாமல் பாருங்கள். மூன்றாம் நாள் என்ன ஆகிறது என்பதை முன்கூட்டியே யாரிடமும் கேட்காதீர்கள்.