அறக்கட்டளை: ‘ஆணை’ என்று படித்தால் பாதிப் பொருள் போய்விடும்

டிரஸ்ட், பவுண்டேஷன் இரண்டுக்கும் தமிழில் புழங்கும் சொல் அறக்கட்டளை. தாத்தா பாட்டி பெயரில் குடும்பத்தார் தொடங்கும் அமைப்புக்கும் அதுதான் பெயர். கல்லூரியில் ஆண்டுக்கொரு முறை நடக்கும் நினைவுச் சொற்பொழிவுக்கும் அதுதான் பெயர். ‘அறம்’ எல்லாருக்கும் புரிகிறது. ‘கட்டளை’யைத்தான் பலரும் ஆணை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆணை என்பது அந்தச் சொல்லின் பொருள்களில் ஒன்று மட்டுமே. செங்கல் அறுக்கும் அச்சுக்குக் கட்டளை என்று பெயர் உண்டு. பொன்னின் மாற்றுப் பார்க்கும் உரைகல் கட்டளைக்கல்; குறளில் ‘கருமமே கட்டளைக் கல்’ என்று வருவது இதுதான். யாப்பில் கட்டளைக் கலித்துறை இருக்கிறது: அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ஓர் எழுத்து கூடினாலும் பாட்டு பிழை. அச்சு, உரைகல், எழுத்துக்கணக்கு மூன்றிலும் கட்டளை என்பது முன்கூட்டியே கட்டிவைத்த அளவு.

கோயில் வழக்கு இந்தப் பொருளை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. அபிஷேகக் கட்டளை, அன்னதானக் கட்டளை, அர்த்தசாமக் கட்டளை என்றால், ஒருவர் நிலமோ பணமோ எழுதிவைத்து, அதன் வருமானத்தில் இன்ன வேளையில் இன்னது இவ்வளவு நடக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறார் என்று பொருள். சைவ மடங்களில் இதைக் கவனிக்கும் துறவிக்குக் கட்டளைத் தம்பிரான் என்றே பெயர்.

இன்னும் பின்னால் போனால் சோழர் கல்வெட்டுகள். நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரியும் கோயில் விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு. அதற்கு நாள்தோறும் உழக்கு என்ற அளவில் நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளை ‘சாவா மூவாப் பேராடு’ என்று பொறித்தார்கள். ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும். ஆனால் குட்டிகளைக் கொண்டு ஈடுசெய்து எண்ணிக்கையை 96-லேயே வைத்திருப்பது ஏற்றுக்கொண்டவர் பொறுப்பு. கார்ப்பஸ் என்று இன்று கணக்காளர்கள் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. முதல் குறையக்கூடாது, பயன்தான் செலவு. கார்ப்பஸுக்கு ‘முதல்நிதி’ என்று எழுதலாம்.

ஆங்கிலச் சொற்களின் பார்வை வேறு. டிரஸ்ட் பழைய நார்ஸ் மொழியில் நம்பிக்கையைக் குறித்த சொல்லோடு உறவுடையது. பவுண்டேஷன் அடித்தளம் இடுவதைக் குறிக்கும் லத்தீனிலிருந்து வந்தது. முன்னது சொத்தை ஏற்பவரைப் பார்க்கிறது, பின்னது இட்ட முதலைப் பார்க்கிறது. தமிழ்ச்சொல் பார்ப்பது, எதற்கு எவ்வளவு என்ற வரையறையை. இன்னொன்று: இந்தியாவில் பவுண்டேஷன் என்று தனிச் சட்ட வடிவம் இல்லை. அந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் டிரஸ்ட் இருக்கலாம், பதிவுபெற்ற சங்கம் இருக்கலாம், 2013 கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு நிறுவனமும் இருக்கலாம். எனவே மொழிபெயர்ப்பவர் முதலில் பத்திரத்தைப் பார்க்க வேண்டும்.

பத்திரத்தில் வரும் சொற்களையும் சொல்லிவிடலாம். சொத்தைக் கொடுப்பவர் நிறுவியவர். டிரஸ்டி அறங்காவலர். ‘தர்மகர்த்தா’ பழகிய சொல்தான். ஆனால் கர்த்தா என்றதும் தலைவர், உரிமையாளர் என்ற நிழல் விழுகிறது. சொத்து அவர் பெயரில் இருந்தாலும் பயன் அவருடையதல்ல, ஆகவே காவலர் என்பதே சரி. பெனிபிஷியரி பயனாளி. டிரஸ்ட் டீட் அறக்கட்டளைப் பத்திரம். அசையாச் சொத்து இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும்.

குடும்ப அறக்கட்டளைகள் சறுக்குவது பெரும்பாலும் நோக்கப் பிரிவில். ‘சமுதாய நலப் பணிகள் செய்தல்’ என்று மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறை எதையும் செய்யலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். ‘ஆண்டுதோறும் 100 ரூபாய் பரிசு’ என்று ரூபாயில் கட்டினால் முப்பது ஆண்டில் அந்தப் பரிசு மாணவரின் பேருந்துச் செலவுக்கும் போதாது. அதனால் ‘நிகர வருமானத்தில் இத்தனை விழுக்காடு’ என்று எழுத வேண்டும். இன்ன பள்ளிக்கு என்று ஒரே பெயரைச் சொல்லி நிறுத்தினால், அந்தப் பள்ளி மூடும் நாளில் நோக்கமும் முடங்கும். ‘அப்பள்ளி இல்லாதபோது அதே வட்டத்தில் அதுபோன்ற பள்ளிக்கு’ என்ற ஒரு வரி போதும். நிறுவியவரின் உறவினருக்கோ அறங்காவலருக்கோ பயன் போனால் வருமான வரி விலக்குக்கு ஆபத்து. தங்கள் சாதிக்கு மட்டும் என்று எழுதினாலும் அப்படியே. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகளுக்கு என்றால் அந்தத் தடை இல்லை. விலக்கு முழுமையாகக் கிடைக்க, பொதுவாக வருமானத்தில் 85 விழுக்காட்டையாவது நோக்கத்துக்குச் செலவிட வேண்டும்.

கட்டளை தெளிவாக இல்லாவிட்டால் நீதிமன்றம்தான் அதை வரையறுக்க வேண்டியிருக்கும். சென்னை வணிகர் பச்சையப்ப முதலியார் 1794-இல் உயில் எழுதிவைத்து மறைந்தார். செல்வம் கோயில் பணிகளுக்கும் பிற தருமங்களுக்கும் என்று. நெடிய வழக்குக்குப் பிறகு, கோயில் பணிகளுக்குப் போக எஞ்சியது கல்விக்கு என்று நீதிமன்றம் திட்டம் வகுத்தது. அவர் பெயரில் பள்ளி திறந்தது 1842-இல். இடையில் நாற்பத்தெட்டு ஆண்டு.

கடைசியாக, நோக்கத்தோடு சேர்த்து அறக்கட்டளைகள் எழுதும் ‘வேல்யூஸ்’. விழுமியங்கள் என்பது நிலைத்துவிட்ட சொல். அதன் வேரான விழுமத்துக்குத் தொல்காப்பியம் சீர்மை, சிறப்பு, இடும்பை என்று மூன்று பொருள் தருகிறது. ‘விழுமந் துடைத்தவர் நட்பு’ என்ற குறளில் அது துன்பம். ‘நேர்மை, கருணை, சிறப்பு’ என்று மூன்று பெயர்ச்சொற்களை அடுக்குவதைவிட, யாருடைய இடும்பையை, எந்த ஊரில், எவ்வளவு வருமானத்தில் துடைக்கப் போகிறோம் என்று வினைச்சொல்லோடு எழுதுவது நல்லது. அப்படி எழுதிய பத்திரத்தைப் பேரன் பேத்திகள் அகராதி இல்லாமல் படித்து, தணிக்கையாளரிடம் கணக்கும் காட்டிவிடுவார்கள்.